பிரிவது முடிவாகிவிட்டது, பிள்ளை எந்த வீட்டில்?

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்திப் பிழைப்பவன் நான். முதல் முறையாக வருகிறவர், தாயோ தந்தையோ, நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் கேட்டுவிடுவார்: "குழந்தை எனக்குக் கிடைக்குமா சார்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, போன செவ்வாய்க்கிழமை பிள்ளை கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வீட்டில் யார் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்வேன். தன் பாசத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய ஒரு தந்தை, "பள்ளிக் கட்டணம் கட்டினேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டணமும் ஜூன் மாதத்தில் கட்டியது. இன்னொரு தந்தை தாளின் பின்பக்கம்வரை எழுதினார்: இரட்டைச் சடை பின்னியது, தண்ணீர் பாட்டிலின் மூடி தொலைந்து வேறு வாங்கியது, மூச்சிரைப்புக்கு மருந்து கொடுத்தது, ழகரம் வராமல் மகள் அழுதது. இருவருக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனால் ஒரே ஏற்பாட்டை இருவருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது.

கட்சிக்காரர்கள் எல்லோரும் "கஸ்டடி" என்றே சொல்கிறார்கள். போலீஸ் நிலைய வாடை அடிக்கும் சொல். அந்த வாடையினால்தானோ என்னவோ, பிள்ளையைப் பிடித்து வைப்பதும் மீட்பதுமாகவே பேச்சு ஓடுகிறது. சட்டம் பார்ப்பது இரண்டு தனித்தனிச் சங்கதிகளை. ஒன்று, பாதுகாவலர் என்ற தகுதி: பிள்ளைக்காகக் கையெழுத்திடுவது, சொத்தைக் கவனிப்பது, எந்தப் பள்ளி, எந்த மருத்துவம் என்று முடிவெடுப்பது. மற்றொன்று, பிள்ளை அன்றாடம் யார் வசம் வளர்வது. இரண்டாவதை இழந்தவர் முதலாவதையும் இழந்துவிட்டதாக நினைத்து வாழ்நாள் பகைக்குத் தயாராகிறார். அப்படி ஒன்றும் இல்லை.

இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டம் இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் "பிறகு" தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அந்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், "பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, தந்தை அக்கறை காட்டாமலோ உடன் இல்லாமலோ இருந்தாலும் தாயே பாதுகாவலர் என்று விளக்கம் தந்தது. அதே பிரிவில்தான் ஐந்து வயது நிரம்பாத பிள்ளை "சாதாரணமாக" தாய் வசம் இருக்க வேண்டும் என்ற வாசகமும் வருகிறது. இதை வைத்து, ஐந்து வயதுவரை தாய்க்கு, ஐந்து முடிந்த மறுநாள் தந்தைக்கு என்று ஊரில் ஒரு சட்டம் உலவுகிறது. பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாள் பிள்ளையை அழைத்துப்போக வண்டியோடு வந்த தாத்தா ஒருவரை எனக்குத் தெரியும். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது; மற்ற எல்லாம் அதற்குக் கீழே. மதம் எதுவானாலும் பொருந்தும் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்திலும், நீதிமன்றங்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இனி, என்னதான் கேட்கலாம் என்று பார்ப்போம்.

நம் நீதிமன்றங்களில் அதிகம் காண்பது, பிள்ளை ஒருவர் வசம், மற்றவருக்குச் சந்திப்பு என்ற ஏற்பாடு. கேட்பதும் எளிது, உத்தரவிடுவதும் எளிது. ஆனால் அந்தச் "சந்திப்பு" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கையெழுத்திடும்போது யாரும் பார்ப்பதில்லை. திருச்சியில் வேலை பார்த்த ஒரு தந்தைக்கு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை, சென்னையில் நீதிமன்ற வளாகத்திலேயே சந்திப்பு என்று உத்தரவானது. வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறுவார். விடிவதற்குள் எழும்பூரில் இறங்கி, காத்திருப்போர் அறையில் பல் துலக்கி, சட்டை மாற்றிக்கொண்டு, பத்து மணிக்கே வந்து நிற்பார். பையில் சாக்லேட், ஒரு பிளாஸ்டிக் ஹெலிகாப்டர். அறை முழுக்க அவரைப் போலவே ஏழெட்டுப் பேர். நாலு வயதுப் பையன் முதல் அரை மணி நேரம் பாட்டியின் முந்தானையை விடமாட்டான். அடுத்த அரை மணி நேரம் ஹெலிகாப்டரைப் பார்ப்பான், அப்பாவைப் பார்க்கமாட்டான். பதினொன்றரைக்கு மேல்தான் மடியில் ஏறுவான். ஏறிய சூடு ஆறுவதற்குள் பன்னிரண்டரை ஆகிவிடும். ஒரு வருடம் கழித்து அந்தத் தந்தை வருவதை நிறுத்திவிட்டார். "பார்த்தீர்களா, அக்கறையே இல்லை" என்று எதிர்த்தரப்பு மனுவில் எழுதியது. அந்த மனுவைப் படிக்கும்போது எனக்கு எழும்பூர் ரயில் நிலையத்தின் காத்திருப்போர் அறைதான் நினைவுக்கு வந்தது.

வன்முறை, குடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாரோ என்ற நியாயமான அச்சம் இருக்கும் இடத்தில் நீதிமன்ற வளாகச் சந்திப்பு சரியான ஏற்பாடுதான். அங்கே நான் அதையேதான் கேட்பேன். மற்ற இடங்களில் அது முதல் சில மாதங்களுக்கான படிக்கட்டாக இருக்க வேண்டும். அப்புறம் பூங்கா, அப்புறம் வீடு, அப்புறம் இரவுத் தங்கல் என்று உத்தரவிலேயே படிகளை எழுதிக் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்ற சரிபாதி ஏற்பாடு. 2015-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டுப் பராமரிப்பைச் சட்டத்திலேயே சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் திருத்தப்படவில்லை. ஆனாலும் இருவரும் ஒத்துக்கொண்டால் நீதிமன்றம் குறுக்கே நிற்பதில்லை. இணையத்தில் படித்துவிட்டு "எனக்குப் பாதி வேண்டும்" என்று வரும் தந்தைகள் இப்போது அதிகம். கேட்க நியாயமாக இருக்கிறது. நான் உடனே சென்னை வரைபடத்தைத் திறப்பேன். தாய் வீடு வேளச்சேரி, தந்தை வீடு பெரம்பூர், பள்ளி அடையாறு. பெரம்பூர் வாரத்தில் பிள்ளை எத்தனை மணிக்கு எழ வேண்டும்? கணக்கு நோட்டு வேளச்சேரியில் கிடக்கிறது, தேர்வு நாளைக்கு. யார் போய் எடுத்துவருவது? மூக்குக் கண்ணாடி ஒன்றா, இரண்டா? இந்தக் கேள்விகளுக்குச் சண்டையில்லாமல் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய இருவருக்கு மட்டுமே சரிபாதி பொருந்தும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பகுதியில் வீடு பார்த்துக்கொண்டு, என்னிடம் வராமலே முடித்துக்கொள்கிறார்கள். பிள்ளை மூன்று வயதுக்குள் இருந்தால் சரிபாதியை நான் சிபாரிசு செய்வதில்லை. ஜீவனாம்சத்தைக் குறைக்கும் கணக்கோடு பாதி கேட்பவரையும் எனக்குத் தெரியும். இரண்டாவது வாய்தாவிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவதுதான் நான் பெரும்பாலோருக்குச் சொல்வது. பிள்ளைக்கு ஒரே முதன்மை வீடு. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளில் அதிகம் எழுதியவரின் வீடு. மற்றவருக்கு மாதத்தில் இரண்டு வாரக்கடைசி இரவோடு, காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் பாதி, கோடை விடுமுறையில் ஒரே நீளமாகப் பாதி. பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை, வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றுக்கு இருவர் சம்மதமும் வேண்டும். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு போன். 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே, பிள்ளையை வசம் வைத்திராத பெற்றோருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடம் பேசும் உரிமை வேண்டும் என்றது. வீடியோ அழைப்பில் பேசுகிற பெண் ஸ்கிரீனில் அப்பாவின் மூக்கை அமுக்கிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாதம் நாலு மணி நேர வளாகச் சந்திப்பால் செய்ய முடியாததை அது செய்கிறது.

இந்த மூன்றாவதை வாங்க எந்த வாசலில் போவது என்பது அடுத்த முடிவு. ஒருமித்த விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. அந்த மனுவோடு பிள்ளைக்கான ஒப்பந்தத்தையும் சேர்க்கலாம். இதற்குச் சமரச மையத்தைவிட நல்ல இடம் இல்லை. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது, இன்று மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே பேசியதை யாரும் நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்ட முடியாது என்பதால், "நான் கொஞ்சம் கோபக்காரன்தான்" என்று ஒருவர் மனம் திறந்து ஒத்துக்கொள்ள முடிகிறது. வழக்கு மன்றத்தில் அதே வாக்கியம் மறுநாள் எதிர்த்தரப்பின் ஆயுதம்.

ஒத்துவரவில்லை என்றால் வழக்குத்தான். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, அல்லது நான் முன்பு சொன்ன 1890-ஆம் ஆண்டுச் சட்டம். கடைசியாகச் சொன்னதில், பிள்ளை சாதாரணமாக எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம். ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் வழக்கும் கூடவே போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் இடைக்கால உத்தரவுதான் வாழ்க்கை. ஆகவே முழு பலத்தையும் இடைக்கால மனுவில் காட்டுங்கள்.

வழக்கில் எது எடுபடும், எது எடுபடாது? சம்பளம் பெரிதாக எடுபடாது. பணம் உள்ளவர் பணம் கொடுக்கட்டும், பணம் இல்லாதவர் வளர்க்கட்டும் என்பதுதான் நடைமுறை. தாய் மறுமணம் செய்துகொண்டதும் தானாகக் குறையாகிவிடாது. 2006-இல் லேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. பிள்ளை விவரமறிந்த வயதில் இருந்தால் அதன் விருப்பத்தை நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்பார். இங்கேதான் பெரியவர்கள் அசட்டுத்தனம் செய்கிறார்கள். இரண்டு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் உள்ளே போய், "என்னுடைய எதிர்கால நலன் கருதி அம்மாவிடம் இருக்க விரும்புகிறேன்" என்று ஒப்பித்தானாம். நீதிபதி சிரிக்காமல், "சரி, அப்பா வீட்டில் என்ன பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். "நாய்" என்றானாம். ஒரு பெற்றோர் மற்றவர் மேல் பிள்ளைக்கு வெறுப்பை ஊட்டுவதை 2017-இல் விவேக் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியிருக்கிறது. அது ஊட்டியவருக்கு எதிராகவே திரும்பும்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்பது குறுக்கு வழி போலத் தெரியும். சில வாரங்களில் பிள்ளை நீதிபதிகள் முன் நிற்கும். ஆனால் பிள்ளையை வைத்திருப்பவர் சட்ட உரிமை இல்லாமல் வைத்திருக்கிறார் என்று காட்ட முடிகிற இடத்தில்தான் அது பலிக்கும் என்று 2019-இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் வரையறுத்துவிட்டார்கள். தாய் இறந்த பிள்ளையை அவள் உறவினர்கள் தந்தையிடம் தர மறுத்த வழக்கு அது. தாய்க்கும் தந்தைக்கும் இடையே எந்த வீடு நல்லது என்ற விசாரணைக்கு அந்த வாசல் பொதுவாக உதவாது. அடி உதை உள்ள வீட்டிலிருந்து வெளியேறும் தாய்க்கு வேறு வாசல் இருக்கிறது: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 21-ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட் தற்காலிகமாகப் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கலாம், தீங்கு வரும் என்று கருதினால் தந்தையின் சந்திப்பை மறுக்கவும் செய்யலாம். இந்த நிலையில் இருப்பவர் சமரச மையத்தில் உட்கார்ந்து நாட்காட்டி பார்க்க வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றும் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மணமாகாமல் பெற்றோரானவர்களுக்குக் கணக்கு வேறு. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறது: தாய் முதலில், பிறகே தந்தை. 2015-இல், மணமாகாத ஒரு தாய், பிள்ளையின் தந்தை பெயரைச் சொல்லாமலே, அவருக்கு அறிவிப்பு அனுப்பாமலே தன் மகனுக்குப் பாதுகாவலராக முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தத் தாய் கிறிஸ்தவர், கீழ் நீதிமன்றங்கள் தந்தை பெயரைக் கேட்டு மனுவைத் தள்ளியிருந்தன. முடியும் என்றது உச்ச நீதிமன்றம். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் 2016 டிசம்பரிலிருந்து ஒரு பெற்றோர் பெயர் போதும். ஆக, தாய் பல நேரம் வழக்கே போடத் தேவையில்லை. உறவில் இருக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் உண்மையிலேயே விரும்பும் தந்தைதான் முந்திக்கொள்ள வேண்டும்: பிறப்புச் சான்றிதழில் பெயர், தவறாத செலவுப் பணம், எழுத்தில் ஒரு சந்திப்பு ஏற்பாடு. விலகி நிற்கும் தந்தைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திருமணம் இல்லை என்பதால் பிள்ளைக்குப் படியளக்க வேண்டியதில்லை என்று நினைத்தால் தவறு; பராமரிப்புச் செலவு கேட்க வழி தந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இன்று அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக அப்படியே நிற்கிறது.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. "பிள்ளையை விட்டுவிடு, எனக்கு ஒரு பைசா வேண்டாம்" என்று எழுதிக்கொடுக்கும் தாய்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் பராமரிப்புச் செலவு பிள்ளையின் உரிமை. தாய் எழுதிக்கொடுப்பதால் அது அழிந்துவிடாது. பிறகு கேட்கலாம் என்றாலும், பிறகு கேட்பது இன்னொரு வழக்கு. இப்போதே எழுதிவிடுங்கள். பணம் வராத மாதத்தில் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்பதும், பிள்ளையைக் காட்டாத மாதத்தில் பணம் தரமாட்டேன் என்பதும் இரண்டுமே செல்லாது.

எந்த ஏற்பாடும் கல்லில் வெட்டியதல்ல. 1973-இல் சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்றும், சூழ்நிலை மாறினால் உத்தரவும் மாறும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே முதல் ஒப்பந்தத்திலேயே பதினெட்டு வயதுவரைக்கும் ஜெயித்துவிட வேண்டும் என்று முட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் எழுதுவதைத் துல்லியமாக எழுதுங்கள். "பண்டிகைகளில் பரஸ்பர வசதிப்படி" என்று எழுதினால் முதல் தீபாவளிக்கே போலீஸ் நிலையம் போக நேரும். ஒற்றைப்படை ஆண்டு தீபாவளி இங்கே, பொங்கல் அங்கே. அடுத்த ஆண்டு மாற்றி. ஒப்படைக்கும் இடம், நேரம், யார் வருவது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல் யாரிடம், நகல் யாரிடம்.

மதுரையில் ஒரு தம்பதி. எல்லாம் ஒத்துப்போய்விட்டது, மொட்டையில் வந்து முட்டியது. பெண் குழந்தைக்கு இரண்டு வயது. இன்னும் முடி இறக்கவில்லை, காது குத்தவில்லை. தந்தை வீட்டுக் குலதெய்வம் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். குத்த வேண்டியது தாய்மாமன் மடியில் வைத்து. அந்தத் தாய்மாமனும் தந்தையும் ஒருவர் மேல் ஒருவர் போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். சமரச மையத்தில் ஒரு பிற்பகல் முழுக்க இதற்கே போனது. தந்தையின் தாயார், "மடியில்லாமல் எப்படிக் குத்துவது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் ஒப்பந்தத்தில் 14-ஆவது பத்தியாக அதைச் சேர்த்தோம்: தை மாதத்தில் ஒரு ஞாயிறு, இருதரப்பிலும் பத்துப் பேருக்கு மேல் வரக்கூடாது, தாய்மாமன் வருவார், செலவு தந்தையுடையது, தோடு தாய்மாமனுடையது, மாலை ஐந்து மணிக்குக் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். தட்டச்சு செய்த குமாஸ்தா, "இதெல்லாமா சார் மனுவில் போடுவது?" என்றார். போடு என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேன் பழுதாகி, குழந்தை மதுரை வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிட்டதாக மறுவாரம்தான் தெரிந்தது. இரு தரப்பிலிருந்தும் எனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை.